பாலகுரு முத்தம் கொடுத்த விரால்

இந்தப் பொங்கலுக்குச் சுண்ணாம்பு மட்டையைக் கையால் தொடுவதில்லை என்று பாலகுரு முடிவெடுத்தபோது மார்கழி பிறந்து இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. முடிவை அவர் சத்தமாக எடுக்கவில்லை. மனைவி பாண்டிச்செல்வி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, போர்வைக்குள் இருந்தபடி எடுத்தார். அவருடைய பெரிய முடிவுகள் எல்லாமே போர்வைக்குள் எடுக்கப்பட்டவைதான்.

வெளியே பாலகுரு லேசுப்பட்ட ஆள் இல்லை. சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் அவர் கேட்டில் வந்து நின்றால் அறுபது பேரும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தீப்பெட்டி, பீடி, சாவிக்கொத்து, செல்போன் எதுவும் அவரைத் தாண்டிப் போனதில்லை. முதலாளியின் மருமகனையே நிறுத்தி லைட்டரைப் பிடுங்கியவர். வீட்டில் மட்டும் அந்தக் கேட்டு பாண்டிச்செல்வி கையில் இருந்தது. அவர் கழற்றிப் போட்ட சட்டை ஒவ்வொன்றும், பையைத் துழாவிய பிறகே வாளியில் ஊறும். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள்கூட அந்தச் சோதனைக்கு லீவு இல்லை.

தீபாவளி லோடெல்லாம் போய்விட்டது. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. தை பிறந்துதான் கம்பெனி திறக்கும் என்று சொல்லிவிட்டார்கள். உழைத்த உடம்பு ஓய்வெடுக்கட்டும் என்று முதலாளிக்கே தோன்றியிருக்கிறது, பாண்டிச்செல்விக்குத் தோன்றவில்லை. மனிதர் வீட்டில் சும்மா இருக்கிறார், சுவர் அழுக்காக இருக்கிறது, பொங்கல் வருகிறது. மூன்றையும் கூட்டினால் அவளுக்குச் சுண்ணாம்பு என்றுதான் விடை வரும். கண்ணில் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்ட, கழுத்து பிடித்துக்கொள்ள, ஏணியின் உச்சியில் அவர் தொங்குவார். கீழே அவள் இடுப்பில் கை வைத்து நின்று, "அங்கன விட்டுப்போச்சு, இங்கன திட்டுத் திட்டா இருக்கு" என்று மேற்பார்வை பார்ப்பாள். போர்மேனுக்கே ஒரு போர்மேன்.

தப்பிக்க வழி காட்டியது கேபிள் டிவி. அன்று ராத்திரி ஏதோ ஒரு வெளிநாட்டு சேனல். சுற்றிலும் பனி கொட்டிக் கிடக்கிற ஒரு ஏரி. நடுவில் படகு. காதை மூடிய குல்லாவோடு ஒரு வெள்ளைக்காரன், விடிந்தும் விடியாத நேரத்தில் தூண்டில் போட்டான். ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தான். ஒரு மீன் சிக்கியது. அதைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினான், அதன் உதட்டில் முத்தம் கொடுத்தான், மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட்டான். பாலகுருவுக்கு மயிர்க்கூச்செடுத்தது. அந்தக் குளிரில் ஒரு ஆண்பிள்ளை நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான், ஒருத்தி வந்து ஏணியை எடு என்று சொல்லவில்லை!

"செல்வி, நாளையில இருந்து நான் மீன் பிடிக்கப் போறேன்."

"எங்க, மார்க்கெட்டுலயா?"

"வெம்பக்கோட்டை டேமுல. தண்ணி நெறஞ்சு கெடக்குல்ல."

"அது எங்க ஊரு. எனக்குத் தெரியாதா? திடீர்னு என்ன மீனு?"

பாலகுரு வெள்ளைக்காரனைப் பற்றிச் சொன்னார். பாண்டிச்செல்வி பூண்டு உரித்தபடியே கேட்டாள்.

"முத்தம் குடுத்துத் தண்ணியிலயே விட்டுட்டானா? அவன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையா?"

"அது வீர விளையாட்டு செல்வி. பிடிக்கிறதுலதான் பெருமை. திங்கிறது கேவலம். பிடிச்சவன் திங்கவே மாட்டான்."

"அப்படியா? நல்ல வளக்கம். சரி, சுண்ணாம்பு எப்ப அடிக்கிறீக?"

அம்பு நேராக வந்து தைத்தது.

"வீர விளையாட்டுல இருக்கவன் சுண்ணாம்பு அடிக்க மாட்டான்."

அவர் எதிர்பார்த்த வெடி வெடிக்கவில்லை. பாண்டிச்செல்வி பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டுச் சிரித்தாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஒண்ணு செய்வோம். போகிக்குள்ள ஒத்தை விரால் பிடிச்சிருங்க. பிடிச்சீகன்னா எங்க அண்ணன் வந்து வீடு பூரா அடிக்கட்டும். பிடிக்கலைன்னா மட்டை ஒங்க கையில. எதுத்து ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சம்மதம்!"

மறுநாள் ஏற்பாடுகள் மும்முரமாக நடந்தன. கம்பு கிடைத்தது, நைலான் நூல் கிடைத்தது, மண்புழு தாராளமாகக் கிடைத்தது. பிரச்சினை முள்ளில் வந்தது. கடையில் விற்கிற தூண்டில் முள் எல்லாம் இரும்பு. இருபத்தெட்டு வருடம் வெடிமருந்து அறையில் புழங்கிய கை அது. அங்கே சுத்தியல் மரம், கரண்டி பித்தளை, இரும்பு என்றால் பேச்சுக்கே இடமில்லை. கடைக்காரர் நீட்டிய முள்ளைப் பார்த்ததுமே பாலகுரு இரண்டடி பின்னால் போனார். வீட்டுக்கு வந்து, வயரிங்கில் மிஞ்சிக் கிடந்த செம்புக் கம்பியை எடுத்து, மரச் சுத்தியலால் நாசூக்காகத் தட்டி, நுனியைத் தீட்டி ஒரு முள் செய்தார்.

"செம்புலயா முள்ளு?" என்றாள் பாண்டிச்செல்வி.

"இரும்பு ஒரசுனா பொறி வரும்."

"தண்ணிக்குள்ளயா?"

"எங்கயா இருந்தா என்ன? பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"அருவாமனையும் இரும்புதான். அதுல அரிஞ்ச வெண்டைக்காயத்தான் இம்புட்டு வருசமாத் திங்கீக. ஒரு நாளு வெடிச்சீகளா?"

பாமரர்களிடம் பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று பாலகுரு விட்டுவிட்டார்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் குரங்குக் குல்லா, மப்ளர், ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சட்டை, அதற்கு மேல் மனைவியின் சால்வை என்று புறப்பட்டார். எங்கள் மாவட்டத்துக் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்து மாதம் வெயிலில் வறுபட்டவர்களுக்கு, காற்று கொஞ்சம் சில்லென்று அடித்தாலே காது அடைத்துவிடும். பக்கத்து வீட்டு வேலுச்சாமி, அச்சாபீஸில் காலண்டர் சீசன் வேலை முடித்துத் திரும்புகிறவர், மொபெட்டில் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்து, "யாருக்கு லோடு போகுது?" என்று கேட்டார். மூட்டை, "நான்தான்யா" என்றது.

முதல் நாள் ஒரு மீனும் கடிக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு நண்டு புழுவைத் தின்றுவிட்டுப் போனது. மூன்றாம் நாள் அவர் செல்போனில் பாம்பு விளையாட்டு விளையாடி, தன் வாழ்நாளிலேயே அதிகமான புள்ளி எடுத்தார்.

"தண்ணி குளுந்து கெடக்கு. விரால் சேத்துக்குள்ள படுத்துக்கிடும்" என்றாள் பாண்டிச்செல்வி. "பத்து மணிக்கு மேல வெயில் ஏறிக் கரையோரம் வெதுவெதுப்பானாத்தான் மேயவே வரும். எங்க ஊருல நண்டு சிண்டுக்கெல்லாம் இது தெரியும். நீங்க ஏன் அஞ்சு மணிக்கு ஓடுறீக?"

"வெள்ளைக்காரன் அஞ்சு மணிக்குத்தான் போறான்."

"அவனுக்குக் கேமராக்காரன் சம்பளம் குடுக்கான். ஒங்களுக்கு?"

மனைவி சொன்னதைக் கேட்டு மீன் பிடித்தான் என்ற கெட்ட பெயர் வேண்டாம் என்று நான்காம் நாளும் ஐந்து மணிக்கே போனார். தும்மலோடு திரும்பினார். அந்தத் தும்மலின் புண்ணியத்தில் ஐந்தாம் நாள் காலை எழுந்திருக்க முடியவில்லை. போகிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அலறியடித்துக்கொண்டு அணைக்கரை போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை.

வெயில் கரையைத் தொட்டிருந்தது. தூண்டிலைப் போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கோரைப் புல் ஓரமாக ஒரு குமிழி வந்தது. பிறகு கம்பு கையை விட்டுப் போகிற மாதிரி ஒரு இழுப்பு! பாலகுரு சால்வையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். இழுத்தார். அது இழுத்தது. கருப்பாக, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், ஒரு நொடி தண்ணீருக்கு மேலே முழு உடம்பையும் காட்டியது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. சுண்ணாம்பு வாளி, ஏணி, மட்டை எல்லாம் கண்ணை விட்டு மறைந்து, மச்சான் ஊர்க்காவலன் ஏணியில் தொங்குகிற காட்சி தெரிந்தது.

அடுத்த நொடி நூல் லேசாகிவிட்டது. வெளியே இழுத்துப் பார்த்தார். செம்பு முள், முள்ளாக இல்லை. குண்டூசியைப் போல நேராக நிமிர்ந்திருந்தது. இரும்பாக இருந்தால் நிமிர்ந்திருக்காது. ஆனால் பொறி வந்திருக்குமே!

பாலகுரு கரையில் உட்கார்ந்து அழாத குறையாக ஒரு மணி நேரம் யோசித்தார். பிறகு முள்ளை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தார்.

"பிடிச்சிட்டேன்!"

வேலுச்சாமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். பாண்டிச்செல்வி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"எங்க மீனு?"

"விட்டுட்டேன். மூணு கிலோ இருக்கும். முள்ளைப் பதனமாக் கழத்தினேன். ஒரு முத்தம் குடுத்தேன். போடா ராசான்னு தண்ணியில விட்டுட்டேன்."

"முத்தம் குடுத்தீகளா?"

"உதட்டுலயே. பிடிக்கணும்னுதான பேச்சு? கொண்டாரணும்னு நீ சொல்லலையே!"

மடக்கிவிட்டேன் பார்த்தாயா என்று அவர் வேலுச்சாமியைப் பார்த்துக் கண்ணடித்தார். பாண்டிச்செல்வி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"ஆமா, நான் சொல்லலைதான். நீங்க ஜெயிச்சிட்டீக. அண்ணனை நாளைக்கு வரச் சொல்லுதேன். ஈரச் சட்டையைக் கழத்துங்க, சளி பிடிச்சுக்கிரும்."

ஜெயித்த மயக்கத்தில் பாலகுரு சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு வேலுச்சாமி வீட்டில் போய் உட்கார்ந்து விராலைப் பற்றிப் பேசினார். மூன்று கிலோ விரால், காபி வந்தபோது நாலு கிலோ ஆனது. முறுக்கு வந்தபோது அது அவரைத் தண்ணீருக்குள் இழுத்துப் போய், அவர் அடியில் மல்லுக்கட்டி மேலே வந்திருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மச்சான் ஊர்க்காவலன் சைக்கிளில் வந்தார். கையில் மட்டை இல்லை. கேரியரில் ஒரு சாக்கு. அதிலிருந்து நல்ல கருத்த விரால் ஒன்றை எடுத்து, முற்றத்தில் தாம்பாளத்தில் கிடத்தினார். உள்ளே கொண்டுபோன பாண்டிச்செல்வி சற்று நேரத்தில் தாம்பாளத்தோடு திரும்பி வந்தாள்.

"வேலுச்சாமி அண்ணே, நீங்களும் வாங்க. ஏங்க, இங்கன வந்து பாருங்க. இது வாயில என்னமோ மினுங்குது."

பாலகுரு குனிந்து பார்த்தார். விராலின் உதட்டில் ஒரு செம்பு முள், அழகாக வளைந்து, பளபளவென்று மாட்டியிருந்தது.

"ஒங்க முள்ளுதான?" என்றாள் அவள். "சிவகாசி சுத்துவட்டாரத்துல செம்புல முள்ளு செஞ்ச மகராசன் நீங்க ஒருத்தருதான். பதனமாக் கழத்திட்டு முத்தம் குடுத்தேன்னு சொன்னீக. முள்ளு வாயிலயே இருக்கு?"

"மாப்ள, முள்ளோடயா முத்தம் குடுத்தீக?" என்று கேட்டார் ஊர்க்காவலன் கவலையோடு. "உதட்டைக் காட்டுங்க, கிளிச்சிருக்கான்னு பாப்போம்."

"அப்ப மீனு நூலை அத்துக்கிட்டு ஓடியிருக்கு, பாலகுரு. நீ எங்கன பிடிச்ச?" என்றார் வேலுச்சாமி. தன் வீட்டில் முறுக்கு தின்ற மனிதரை இப்படிக் கேட்க அவருக்கு எப்படி மனசு வந்ததோ!

பாலகுருவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவருக்குள் இருந்த போர்மேன் விழித்துக்கொண்டார். கேட்டில் நின்று திருட்டுச் சரக்கைக் கண்டுபிடிக்கிற அந்தக் குரல் தானாகக் கிளம்பியது.

"பொய்! சுத்தப் பொய்! இந்த மீனு வாயில என் முள்ளு எப்படி இருக்கும்? என் முள்ளு நேரா நிமிந்து போச்சு. நானே நூலை அவுத்துச் சட்டைப் பையில போட்டுக் கொண்டாந்தேன்!"



"நிமிந்து போச்சா?" என்றாள் பாண்டிச்செல்வி மெதுவாக. "அப்ப மீனு?"

பாலகுரு வாயைத் திறந்தார். தாம்பாளத்தில் கிடந்த விராலும் வாயைத் திறந்துதான் கிடந்தது. அவள் விராலின் உதட்டிலிருந்து முள்ளைக் கழற்றி, இரண்டு விரலால் லேசாக நிமிர்த்தி, மறுபடி வளைத்துக் காட்டினாள்.

"நேத்து சட்டையை ஊறப் போடயில கையில குத்துச்சு. செம்புல்ல, சொன்ன பேச்சு கேக்குது. மட்டை கதவுக்குப் பின்னால இருக்கு. சுண்ணாம்பு விடியக்காலையிலேயே ஊறிருச்சு."

பேசக் கூடாது என்பது பந்தயம். பாலகுரு பேசவில்லை. பேச வாயைத் திறந்தாலும் சுண்ணாம்புதான் விழுந்தது. ஏணியின் அடியில் கட்டில் போட்டு மச்சான் உட்கார்ந்து, "அங்கன விட்டுப்போச்சு மாப்ள" என்று தங்கச்சிக்கு ஓய்வு கொடுத்தார். மத்தியானம் அடுப்படியிலிருந்து விரால் குழம்பு கொதிக்கிற வாசனை ஏணியின் உச்சி வரைக்கும் ஏறி வந்தது. அந்த வாசனை ஒன்றுதான் அவரைக் கீழே விழாமல் பிடித்து வைத்திருந்தது. எத்தனை அவமானப்பட்டால் என்ன, நடுத்துண்டு ஒன்று இலையில் விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

மூன்று மணிக்குப் புருவம் முதல் பாதம் வரை வெள்ளையாக இறங்கிக் கைகழுவி வந்து உட்கார்ந்தார். மச்சான் இலையில் நடுத்துண்டு. வேலுச்சாமி இலையில் தலை. பாலகுரு இலையில் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, பாண்டிச்செல்வி ரசத்தை ஊற்றினாள்.

"செல்வி, மீனு?"

"பிடிச்சவன் திங்க மாட்டான்னு நீங்கதான சொன்னீக."