ஃப்ரீசரில் இருந்த சீமாட்டி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்களும் தங்கையும் நலமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலியும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இந்த மட்டில் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் இளைய மகள் கல்யாணத்தில், சாப்பாட்டு மேஜையில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, "எங்க மச்சான் ரிட்டயர் ஆனதுலேர்ந்து பொம்மை வச்சு விளையாடுறார்" என்று சொன்னீர்கள். மேஜையே குலுங்கிச் சிரித்தது. எனக்கு அப்போது வாய் நிறையச் சாப்பாடு. விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். சம்பந்தி வீட்டாருக்கும் படித்துக் காட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் விளையாடுவதில்லை மாப்பிள்ளை. சேகரிக்கிறேன். அதுவும் பழங்காலத் துணிப் பொம்மை. பீங்கான் பொம்மையை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், கண்ணாடி அலமாரியில் வைத்தால் அது தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். துணிப் பொம்மைக்கு ஈரம் ஆகாது, வெயில் ஆகாது, எலி ஆகாது, விருந்தாளி வீட்டுக் குழந்தைகள் சுத்தமாக ஆகாது. அப்படிப்பட்ட ஒன்று நூறு வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறது என்றால் யார் யாரோ கைமாற்றிக் கைமாற்றி அதற்கு ஒட்டுப்போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலைக்காலம் முழுக்க எரிகிற வீடுகளுக்குள் புகுந்து சாமான்களை வெளியே இழுத்துப்போட்டவன் நான். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று எனக்குத் தெரியும். துணி பிழைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஆரம்பித்தது ஓர் அலமாரியில். ரிட்டயர் ஆன கையோடு நானும் என் வீட்டுக்காரியும், அதாவது நீங்கள் அக்கா அக்கா என்று உருகுகிறவளும், பழைய சாமான் கடைக்குப் போய் ஓர் அலமாரி வாங்கினோம். வீட்டுக்கு வந்து கீழ் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே ஒருத்தி படுத்திருந்தாள். முழங்கை நீளம். பஞ்சடைத்த உடம்பு, கறுப்பு நூலில் தைத்த கண்கள். ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருந்ததால், நாம் சொல்வது எதையும் நம்பாதவள் போல ஒரு பார்வை. ஒரு பாதம் மட்டும் காக்கித் துணி. வலது அக்குளில் பஞ்சுக்கு நடுவே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கடைக்காரரிடம் சொன்னேன். அலமாரியோடு போனது போனதுதான், திருப்பி எடுத்துவராதீர்கள் என்றுவிட்டார். அவளுடைய கம்பீரத்தைப் பார்த்து சீமாட்டி என்று பேர் வைத்தேன். சீமாட்டிக்குத் துணையாக இன்னொருத்தி வந்தாள், அவளுக்குத் துணையாக ஒரு மாலுமி வந்தான், பிறகு இரட்டையர், பிறகு காது இல்லாத முயல். வந்துகொண்டே இருந்தார்கள். விருந்தினர் அறை நிறைந்தது. உங்கள் அக்கா பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் இல்லையா, ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வார்டை விட்டு வந்தேன் என்று நினைத்தேன், வார்டே பின்னாலேயே வந்துவிட்டது என்றாள். இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும்தான் சிறுபான்மை என்றும் சொன்னாள். அது பாராட்டு. அவள் பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

இப்போது ஃப்ரீசர் விஷயம். தங்கை காதுக்கு வேறு மாதிரி வந்திருக்கும், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் முன்பு சீமாட்டியின் பாவாடையில் அந்துப்பூச்சி அரித்த ஓட்டை ஒன்றைக் கண்டேன். மருந்தடித்தால் சாயம் போய்விடும். சேகரிப்பாளர்கள் செய்கிற முறை என்னவென்றால், பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவது. பூச்சி, முட்டை எல்லாம் குளிரில் செத்துவிடும். அதன்படியே ஐஸ் தட்டுக்குப் பின்னால் வைத்தேன். உங்கள் அக்காவிடம் சொல்ல மறந்தேன். மாடியில் குடியிருக்கிற பாட்டு டீச்சர் கால் சுளுக்கிக்கொண்டு ஐஸ் கேட்டு வந்தாள். உங்கள் அக்கா அடுப்படியில் கைவேலையாக இருந்ததால் நீயே எடுத்துக்கோம்மா என்றாள். டீச்சர் கதவைத் திறந்தாள். பனி படிந்த பைக்குள் ஒரு முகமும் சின்னக் கையும். தினமும் தொண்டை கிழியச் சாதகம் செய்கிறவளுக்கு அன்றைக்குச் சத்தமே எழவில்லையாம். சுளுக்கின காலோடு மாடிக்கு ஓடி, கீழ்வீட்டு ஃப்ரீசரில் குழந்தை என்று அவசர எண்ணுக்குப் போன் போட்டுவிட்டாள்.

யார் வந்தது என்கிறீர்கள்? என் பழைய தீயணைப்பு நிலையத்து வண்டி, மாப்பிள்ளை. நான் ஆள் எடுத்து, நான் பழக்கி, நான் திட்டி வளர்த்த பையன்கள். முன்னால் கோடாரியோடு ஓடிவந்தவன் இப்போதைய அதிகாரி, என் காலத்தில் குட்டி மீசை என்று கூப்பிடுவோம். நான் பனியனோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். "சார், தள்ளி நில்லுங்க" என்றான். என் வீட்டில், என்னை. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. என் நெஞ்சு விம்மிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வந்திருந்தார்கள், காப்பி ஆறக்கூட இல்லை. நேரே சமையலறைக்குள் போய், ஃப்ரீசரைத் திறந்து, பையைக் கிழித்து, சீமாட்டியைத் தலைக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கினார்கள் பாருங்கள், கைக்குழந்தையை எப்படித் தூக்கவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தது ஓர் எழுத்து பிசகவில்லை. அதன் பிறகுதான் குட்டி மீசை அவள் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், கோடாரியைக் கீழே வைத்தான். தெருவே வாசலில் நின்றது. வந்தது வந்தார்கள் என்று எல்லாரையும் உட்காரவைத்து அந்துப்பூச்சி பற்றி நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன். வண்டியின் பின்பக்கக் குழாய் சரியாகச் சுற்றாமல் இருந்ததையும் சொன்னேன்.

உள்ளூர்ப் பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு அருங்காட்சியகக் காப்பாளர் அம்மா வீடு தேடி வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். சீமாட்டியின் உடம்புத் துணியே நூறு வருஷம் இருக்கும் என்றார். பொம்மைகளை அருங்காட்சியகப் பக்கக்கூடத்தில் கண்காட்சி வைக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அனுமதி, மாப்பிள்ளை. உங்கள் மேஜையில் சிரித்தவர்களில் யாரிடமாவது ஓர் அருங்காட்சியகம் அனுமதி கேட்டிருக்கிறதா? வாசலில் பலகை. விவரக் குறிப்பெல்லாம் நானே எழுதினேன். சீமாட்டிக்கு மட்டும் சற்று நீளமாக: காக்கிப் பாதம் போருக்குப் போன வீரன் ஒருவனின் சீருடைத் துணி, அக்குளில் இருப்பது தீங்கு அண்டாமல் காக்க அக்காலத்தார் வைத்த மணி. காப்பாளர் அம்மா, அனுமானம் என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல்தான் நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய இடம். கண்காட்சிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். நேரமாகிவிட்டது என்று அவர்களை அழைத்துப்போக வண்டி ஓட்டுகிற அம்மா உள்ளே வந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது, சீருடை, கையில் சாவிக்கொத்து. சீமாட்டி முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். பிள்ளைகள் வண்டியில் ஏறி ஹாரன் அடிக்க ஆரம்பித்தும் நகரவில்லை. நான்தான் பக்கத்தில் போய், என்னம்மா என்று கேட்டேன்.

"இது உப்புமூட்டை" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பொம்மையை முதுகில் கட்டிக்கொண்டு திரிவாளாம், அதனால் அந்தப் பேர். அவளுக்கு முன் அவள் அம்மா வைத்து விளையாடியதாம். காக்கி, வண்டி ஓட்டின அவள் அப்பாவின் சட்டை. நாய் கடித்துப் பாதம் போனபோது தைத்தது. வீட்டைக் காலிபண்ணின அவசரத்தில் அண்ணன் அலமாரியை விற்றுவிட்டான், உள்ளே பொம்மை இருந்தது அவனுக்குத் தெரியாது.

ஊரில் காக்கிச் சட்டைக்கா பஞ்சம் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வலது அக்குள்ல என் பல்லு இருக்கும் சார். முதல் பல்லு. விழுந்ததும் தையலைப் பிரிச்சு நான்தான் உள்ள வச்சேன். அம்மாகிட்ட அடி வாங்கினேன்."

காப்பாளர் அம்மா என் குறிப்பைப் படித்தார். மணி என்று போட்டிருந்த இடத்தில் அவர் கண் நின்றது. பேனாவை எடுத்தார், பிறகு மூடிவைத்துவிட்டார், படித்தவர்.

வயதான அம்மாவுக்காகக் கேட்கிறாளோ என்று விசாரித்தேன். அம்மா போய் வெகுகாலம் ஆகிறதாம். "எனக்குத்தான் சார் வேணும்" என்றாள். அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறவள் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இளகியிருப்பார்கள். நான் இளகவில்லை, மாப்பிள்ளை. எரிகிற கட்டடத்தின் முன்னால் எத்தனையோ பேர் காலைப் பிடித்தும் உள்ளே விடாமல் நின்றவன். அம்மா, பல் உன்னுடையதாக இருக்கலாம், பொம்மை என்னுடையது, வேண்டுமானால் பல்லை எடுத்துத் தரச் சொல்கிறேன் என்று தீர்மானமாகச் சொன்னேன். பழம்பொருள் என்பது தனிப்பட்ட பாசத்துக்கு அப்பாற்பட்டது, சமூகத்தின் சொத்து என்றும் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "பல்லு அங்கயே இருக்கட்டும் சார். நீங்க நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, பொம்மை இருந்த கண்ணாடிப் பெட்டியை ஒரு தடவை தொட்டுவிட்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் நிம்மதியாகத்தான் இருக்கிறேன். சாப்பாடு மட்டும் சரியாக இறங்கவில்லை, அது பித்தம். உங்கள் அக்கா இதுபற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நாளாக வேறு எதுபற்றியும் பேசவில்லை. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. சேகரிப்பாளன் ஒருவன் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தால் அதற்குப் பேர் சேகரிப்பு இல்லை. சீமாட்டி என் அலமாரியில் வந்தாள், என் அலமாரியிலேயே இருப்பாள். இதைத்தான் நீங்கள் விளையாட்டு என்றீர்கள்.

தங்கைக்கு என் அன்பு. பேரன் பேத்திகள் எலும்பு முறியாமல், காய்ச்சல் வராமல், கணக்கில் தோற்காமல் வளர என் ஆசிகள். உங்கள் சமையலறை கேஸ் டியூபை மாற்றினீர்களா?

மாறாத உறுதியுடன்,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: தம்பி, இது நான் எழுதுறேன், உங்க அக்கா. கண்காட்சி முடிஞ்சு பொம்மையெல்லாம் வீடு வந்து சேர்ந்த மறுநாள், இந்தக் கடிதத்தைப் போஸ்ட் பண்ணிட்டு வரேன்னு கிளம்பினார். கையில ஒரு துணிப்பை இருந்தது. திரும்பி வரும்போது பை இல்லை, கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. சாயங்காலம் அந்த டிரைவரம்மா போன் பண்ணாங்க. சார் நேர்ல வந்து பொம்மையைக் கொடுத்தாராம், எப்படிப் பார்த்துக்கணும்னு ரொம்ப நேரம் பாடம் எடுத்தாராம், நிஜமாவே அதை ஃப்ரீசர்ல வைக்கணுமான்னு கேட்டாங்க. பூச்சி வந்தா வைக்கணும், வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வைங்கன்னேன். அவர் வாசல் வரைக்கும் போய்ட்டு ரெண்டு தடவை திரும்பி வந்தாராம், அதோட முகத்துல வெயில் படாம பார்த்துக்கச் சொல்ல. வீட்டுக்கு வந்து மத்த பொம்மைகளை நகர்த்தி அந்த இடத்தை மூடி வச்சிருக்கார். கடிதத்தை மறந்துட்டீங்களே, நான் போட்டுடட்டுமான்னு மட்டும் கேட்டேன். போடுன்னு தலையை ஆட்டினார். அதனால நீங்க பதில் எழுதும்போது, "மச்சான், உங்களுக்கு இவ்வளவு கல்நெஞ்சு ஆகாது"ன்னு நல்லா ரெண்டு வரி திட்டி எழுதுங்க. சந்தோஷப்படுவார்.