கம்பெனி சைலன்சர்

"யோவ் மண்ணாங்கட்டி, கம்பெனி சைலன்சர் மாட்டுன்னா இன்னாய்யா மாட்டி வெச்சிருக்க?"

அரிகிருஷ்ணன் கத்தித்தான் கேட்டார். கத்தாவிட்டால் அவர் குரல் அவருக்கே கேட்காது. எதிரே அவருடைய மோட்டார் சைக்கிள் அப்படி உறுமிக்கொண்டிருந்தது.

"கம்பெனி பார்ட்டு ஸ்டாக் இல்ல சார். இது ரேஸ் பசங்க போடறது. கொஞ்ச நாள் ஓட்டுங்க," என்றான் மெக்கானிக் மண்ணாங்கட்டி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

இதைப் போயும் போயும் அரிகிருஷ்ணனிடமா சொல்வது? அரசாங்க ஸ்டோரில் காலமெல்லாம் உதிரி பாகங்களோடு குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். எது கம்பெனி பிஸ்டன், எது வெளி பிஸ்டன் என்று தடவிப் பார்த்தே சொல்வார். சொன்னதோடு விடவும் மாட்டார். உழவர்கரையில் அவர் தெருவில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பக்கத்தில் போய் நிற்பார். ஸ்டார்ட் ஆனாலும் நிற்பார். அறிவைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்க ஆளில்லை. பாதிப் பேர் கை தூக்கினால் போதும். சாவதற்குள் ஒரு போர்டிலாவது 'தலைவர்' என்று தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று கிடந்தார் மனிதர். இந்த நேரம் பார்த்தா இந்தச் சனியன் வந்து சேர வேண்டும்?

தெருமுனையில் திரும்பியதுமே வினை தெரிந்தது. வாசலில் நின்றவர்கள் விருட்டென்று உள்ளே போனார்கள். கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. போச்சு, மத்தியான நேரத்தில் ஊர்க் காதைக் கிழித்துவிட்டோம், அத்தனை வோட்டும் போச்சு என்று நொந்துகொண்டார்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் மொஸ்யே கஸ்தோன்தான் சங்கத்தின் செயலாளர். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாமென்று ஓடினார்.

"லெஸே, விடுங்க மொஸ்யே அரி. சத்தம் நல்லாத்தான் இருக்கு. மாத்தாதீங்க."

"அதுக்கில்ல. வெளி பார்ட்டு போட்டா உள்ள வால்வு இன்னா ஆவும் தெரியுமா? உட்காருங்க, சொல்றேன்."

சொன்னார். கஸ்தோனின் காபி ஆறி ஆடை படிந்தது.

"பெரிய மனுஷன், மரியாதைக்கு நல்லாருக்குங்கறார்," என்றார் வீட்டில்.

"இருந்துட்டுப் போவட்டுமே. எனக்கும் பழகிடுச்சி," என்றாள் மனைவி கலைமகள்.

பழகுவதாவது! மறுபடி மண்ணாங்கட்டியிடம் போனார்.

"சைலன்சர் மட்டும் மாத்தினா இன்ஜின் திணறும் சார். ஏர் ஃபில்டரு, கார்புரேட்டர் ஜெட்டு எல்லாம் ரேஸ் செட்டே போட்டுட்டா அடங்கிடும்."

போட்டான். வண்டி அடங்கவில்லை; லாரியாகிவிட்டது. திட்டியதும் சைலன்சருக்குள் பஞ்சை அடைத்தான். அந்தப் பஞ்சு மறுநாளே நெருப்புப் பொறியோடு பிய்த்துக்கொண்டு வந்து, தெருவில் மீன் விற்கும் வைத்திக்குப்பம் சின்னப்பாப்பாவின் கூடையில் விழுந்தது.

"மீன சுட்டே குடுக்கணுமா சாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். ஊரையே கூட்டுகிற வாய், ஒரு வசவுகூட இல்லை. அந்தக் கோபம் வோட்டில்தான் தெரியும் என்று கணக்குப் போட்டார் அரிகிருஷ்ணன்.

சனிக்கிழமை மண்ணாங்கட்டியை நம்பாமல் நேரே கம்பெனி ஷோரூமுக்கே போனார். சைலன்சர், ஃபில்டர், ஜெட் எல்லாவற்றையும் கம்பெனியுடையதாகவே வாங்கி, பக்கத்திலேயே நின்று மாட்ட வைத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிறு மாலை வண்டி பூனை மாதிரி தெருவில் நுழைந்தது. ஷாமியானாவின் கீழே தெருவே உட்கார்ந்திருந்தது. ஒருவரும் எழுந்து உள்ளே போகவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நெகிழ்ச்சியில் மைக்கைப் பிடித்து, கம்பெனி பார்ட்டின் மேன்மை பற்றி அரைமணி நேரம் பேசினார்.

"தலைவர் பதவிக்கு மொஸ்யே அரி. சம்மதம்னா கை தூக்குங்க," என்றார் கஸ்தோன்.

ஒரு கையும் எழவில்லை. கலைமகள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அரிகிருஷ்ணன் மறுபடி மைக்கை வாங்கினார். "அதான் சத்தம் போயிடுச்சே. இன்னும் இன்னாங்க எம்மேல கோவம்?"

மண்ணாங்கட்டி ஷாமியானாக் கம்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். ஓரமாகக் கூடையை இறக்கி வைத்த சின்னப்பாப்பாதான் கடைசியில் மனம் கேளாமல் சொன்னாள்.

"கோவம்லாம் இல்ல சாரு. அந்த சைலன்சர நாங்கதான் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு மாட்டச் சொன்னோம். நீ வர்றது முன்னாடியே காதுல வுழுந்தாத்தான நாங்க உள்ள போயி கதவ சாத்திக்க முடியும்?"