மெத்தைக் கம்பெனிப் பங்கை விற்காதே, மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவனும் பல் டாக்டருமான நான் எழுதுவது. இங்கே இருவரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் பல்வலி முதலான எந்தத் தொல்லையும் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும்.

மெத்தைக் கம்பெனிப் பங்கு இறங்கிக்கொண்டே போகிறது, விற்றுவிடலாமா, தங்கச்சி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாய். விற்கவே கூடாது. வீடு கட்ட வைத்திருந்ததை என் பேச்சைக் கேட்டுத்தான் இதில் போட்டாய் என்பது எனக்கு மறந்துவிடவில்லை. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நாம் ஏன் வாங்கினோம் என்று யோசித்துப் பார். பெரிய பணக்காரர்களின் பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடும் ஹெட்ஜ் ஃபண்டுகள், தங்கள் கையில் என்னென்ன இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடுகின்றன. மெத்தைக் கம்பெனியை வைத்திருந்தவை முதலில் ஒன்பது ஃபண்டுகள், அடுத்த பட்டியலில் பதினாறு. விஷயம் தெரிந்தவர்கள் நுழைகிறார்கள் என்று நாமும் பின்னாலேயே நுழைந்தோம். அதற்கடுத்த பட்டியலில் ஏழு. நீ அரண்டுபோனாய். அரைகுறைகள் கழன்றுகொண்டன, கெட்டிக்காரர்கள் மட்டும் மிச்சம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஏழிலும் ஒரு ஃபண்ட் முன்பைவிட இரண்டு மடங்கு வாங்கியிருந்தது. போதாதா?

போன வாரம் கடைவாய்ப்பல் சொத்தையோடு ஒருவர் வந்தார். பெயர் பதியும் சீட்டில் அவர் வேலை பார்க்கும் இடம் என்று எழுதியிருந்ததைப் பார்த்தால், சாட்சாத் அந்த இரண்டு மடங்கு ஃபண்ட்! ஊசி போட்டு, வாயில் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் மாட்டிவிட்டு, வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று வழக்கம்போலச் சொல்லி டிரில்லை எடுத்தேன். எடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். மெத்தைக் கம்பெனி மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். கையைத் தூக்கினார். இன்னும் வாங்குவீர்களா என்றேன். இரண்டு கையையும் தூக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்ற உன் அக்கா, “அவருக்கு வலிக்குதுங்க, விடுங்க” என்றாள். ஆராய்ச்சி நடக்கும்போது குறுக்கே பேசுவதே அவளுக்கு வழக்கம்.

பஞ்சை எடுத்ததும் மனிதர் கோணிய வாயோடு கொஞ்சம் பேசினார். “அந்தப் பட்டியலே பழசு, டாக்டர். அது உங்க கைக்கு வர்றதுக்குள்ள நாங்க வித்துட்டுக்கூடப் போயிருப்போம். விலை எறங்கும்னு நாங்க கட்டுற பந்தயம் அதுல வரவே வராது. பாதியை மட்டும் பார்த்துட்டு எங்க மனசைப் படிக்காதீங்க.” அவர் இந்தப் பங்கை வாங்கியது, வேறொரு மெத்தைக் கம்பெனி விழும் என்று கட்டிய பந்தயம் தப்பினால் நஷ்டத்தை ஈடுகட்டத்தானாம். இந்தக் கம்பெனி மெத்தை எப்படியிருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாதாம்.

உன் அக்கா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் அசரவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன வாய், மச்சான். அதிலிருந்து வருவதை நம்பலாமா? முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், அந்த நிலையில் தன் பெயரையே ஒழுங்காகச் சொன்னவர் கிடையாது. ஆனால் கை மரக்கவில்லையே! கையைத்தான் தூக்கிவிட்டாரே! ஆகவே யார் எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. அடுத்த பட்டியல் வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் இரவில் பல் தேய்த்துவிட்டுப் படுக்கட்டும். எல்லாரும் நீடூழி நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அசையாத நம்பிக்கையுடன்,
உன் மாமா

பி.கு.: உறையில் போட இதை உன் அக்காவிடம் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, அந்தச் சொத்தைப்பல்காரர் வந்துபோன அன்றைக்கே நம் பங்குகளை விற்றுவிட்டதாகச் சொன்னாள். தங்கச்சியிடமும் போனில் பேசினாளாம். அவளும் அன்றே விற்றுவிட்டாளாம். இரண்டு வீட்டிலும் பங்குகள் அவர்கள் பெயரில்தானே இருந்தன. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “மூணு மாசம் கழிச்சுப் பட்டியல்ல பார்த்துப்பீங்கன்னு விட்டுட்டோம்” என்றாள். ஆகவே மச்சான், நம் உறுதியை இனி யாராலும் அசைக்க முடியாது. விற்பதற்கு நம்மிடம் ஒரு பங்குகூட இல்லை.