மகாராணியின் வயிறு

பாதிப் பேச்சு காதில் விழுந்தாலே மீதியை நானே முடித்துக்கொள்ளும் ஆள் நான். ஐம்பத்திரண்டு வயது வரை இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆடு வளர்க்கப் போனபோதுதான் ஊருக்கே தெரிந்தது.

கிள்ளானுக்கு வெளியே, எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசுக்கு ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஆட்டு வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து, ஆட்டைப் பற்றி இனி தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன். என் மனைவி ரீத்தா நர்ஸ். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "வார்டுல பாக்குறது போதும். உங்க ஆட்டுப் பக்கம் நான் வரமாட்டேன்."

காப்பார் பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் சரசு அக்கா, இரண்டு பெட்டை ஆடுகளை லோரியில் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. கிளம்பும்போது லோரி உறுமிக்கொண்டிருக்க, தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "ஒண்ணு சினையா இருக்கு பாஸ். ரெண்டு மாசத்துல போட்டுடும், பாத்துக்கோங்க."

எது என்று கேட்டிருக்கலாம். (கேட்பானேன், கண் எதற்கு இருக்கிறது?) குண்டு ஆடு பீப்பாய் மாதிரி நின்றது. அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தேன். மற்றதற்குக் குச்சி.

அன்று முதல் மகாராணிதான் என் உலகம். காலையில் ஆபீசுக்கு முன்னால் அரை மணி நேரம் அவள் வயிற்றையே உட்கார்ந்து பார்ப்பேன். இடப்பக்கம்தான் அதிகம் புடைத்திருந்தது. உள்ளே குட்டி எப்படிப் படுத்திருக்கும், தலை எந்தப் பக்கம், ஒன்றா இரண்டா என்று தாளில் படம் போட்டு யோசிப்பேன். ஒருநாள் ரீத்தாவின் ஸ்டெதஸ்கோப்பை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப்போய் வைத்துக் கேட்டேன். கடகடவென்று ஒரு சத்தம். கைப்பேசியில் பதிந்து ரீத்தாவிடம் போட்டுக் காட்டினேன்.

"இதயத் துடிப்பு. ரெண்டு குட்டி போல."

அவள் இரண்டு முறை கேட்டாள். "இது வயித்துச் சத்தம் மாதிரி இருக்கு லா."

"நீ மனுஷங்களுக்குத்தானே நர்ஸ்?" என்றேன். அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பிரசவத்துக்கு இடம் வேண்டுமே என்று குச்சியைக் கொட்டகையிலிருந்து வெளியேற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தகரத்தடியில் கட்டினேன். வேளைக்குப் புல்லைப் போடுவதோடு சரி, நின்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அது கத்தினால், பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் முடியும் ஞாயிற்றுக்கிழமை, விருந்துக்கே ஏற்பாடு செய்தேன். மகள் ஜெனி வந்தாள். ஆபீஸ் மேனேஜர் குடும்பத்தோடு வந்தார். மரியாதைக்குச் சரசு அக்காவையும் அழைத்திருந்தேன். நான் பூப்போட்ட புது பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு, மகாராணியின் பக்கத்தில் நின்று, ஆட்டின் கர்ப்பகாலம் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். மேனேஜர் குறிப்பெடுக்காத குறை. தொட்டிப் பக்கம் குச்சி விடாமல் கத்திக்கொண்டிருந்ததால், குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

அப்போதுதான் சரசு அக்கா உள்ளே வந்தார்.

"எதுக்கு பாஸ் எல்லாரும் இதைச் சுத்தி நிக்கிறீங்க?"

"குட்டி போடப் போகுது இல்ல அக்கா."

அவர் குனிந்து மகாராணியின் பின்னங்கால்களுக்கு நடுவே ஒரு முறை பார்த்தார். "மடியே இறங்கல. இது தீனி வயிறு. நல்லாத் தின்னுருக்கு. நான் சொன்னது ஒல்லியை. அது எங்க?"

நான் தொட்டிப் பக்கம் திரும்பினேன். குச்சியின் சத்தம் நின்றுபோயிருந்தது. அது நின்றதை அந்த நிமிடம்தான் கவனித்தேன்.

ஓடினேன். தகரத்தடியில் குச்சி படுத்திருந்தாள். அவள் பின்னால் மண்ணில், சவ்வு சுற்றிய ஈரமான ஏதோ ஒன்று, அசையாமல். கயிறு தொட்டிக் காலில் சுற்றிக்கொண்டதில், அவளால் திரும்பி அதை நக்கக்கூட முடியவில்லை. கட்டியது நான்தான்.

பார்த்த வீடியோ ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஆட்டுப் பக்கமே வரமாட்டேன் என்றவள் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து மண்டியிட்டாள். சவ்வைக் கிழித்து, குட்டியின் மூக்கையும் வாயையும் விரலால் வழித்தாள்.

"துணி குடுங்க."

சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

"எங்கிட்ட ஏன் தர்றீங்க? நீங்களே தேய்ங்க. நல்லா அழுத்தி."

தேய்த்தேன். சரசு அக்கா கயிற்றை அறுத்துவிட்டார். எவ்வளவு நேரம் தேய்த்தேனோ தெரியாது. கை ஓய்ந்து நிறுத்தப்போனபோது, கைக்குள் ஒரு தும்மல். அப்புறம் நூல் போல ஒரு குரல். குச்சி எழுந்து வந்து, என்னை முட்டித் தள்ளிவிட்டுக் குட்டியை நக்க ஆரம்பித்தாள். அவள் முட்டியதில் நியாயம் இருந்தது.

நிமிர்ந்தால் பனியனோடு நான், எதிரே மேனேஜர். "காங்கிராட்ஸ்" என்றார்.

அன்று மாலையே குச்சியும் குட்டியும் கொட்டகைக்குள் போனார்கள். நான் ஒரு மாதம் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

சென்ற மாதம் ஜெனி மாப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு நாலு மாதமாம். ரீத்தாவுக்கு இரண்டு மாதமாகவே தெரியுமாம்.

"ஏம்மா, அப்பாகிட்ட மட்டும் கடைசியாச் சொல்ற?" என்று கேட்டேன்.

"முதல்லயே சொல்லியிருந்தா," என்றாள் ஜெனி, "நீங்க அம்மாவைத்தான் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்கப்பா."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கத் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். ரீத்தா தன் இடுப்பை ஒரு முறை பார்த்துவிட்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.