எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற டயர்

"இந்த டயர்ல நான் ரொட்டிக்கடைக்குக்கூடப் போக மாட்டேன்!" என்றார் எக்கார்ட்.

கெர்லிண்ட உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டாள். "எந்த டயர்ல?"

"நம்ம கேம்பர் வேன்ல மாட்டியிருக்கே, அந்தக் கோடைக்கால டயர்ல."

"இன்னிக்குக் காலையில ரொட்டி வாங்கப் போனது அந்த வேன்லதானே?"

"அதனாலதான் சொல்றேன். தேவாலயத்துத் திருப்பத்துல வழுக்குச்சு. என் கை ஸ்டியரிங்ல இருந்ததால தப்பிச்சேன்."

செப்டம்பர் மாதம், பளிச்சென்று வெயில். எறும்புகூட வழுக்கி விழ வாய்ப்பில்லாத காய்ந்த சாலை. கெர்லிண்ட அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தாள். எக்கார்டோடு முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு, எப்போது பேசக்கூடாது என்பது அத்துப்படி.

எக்கார்ட் எங்கள் ராய்ட்லிங்கன் ஊரில் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு லிஃப்டை மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, நான்காவது தடவை படியில் போகிறவர். ஓய்வூதியம் வந்ததும், உள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்த இந்தக் கேம்பர் வேனை வாங்கினார்கள். வாங்கியது ஒரே ஒரு காரணத்துக்காக. நார்வேயின் வடகோடிக்குப் போய், வானத்தில் பச்சைப் பச்சையாக ஆடும் துருவ ஒளியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கெர்லிண்ட பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பனிக்காலத்தில்தான் போக வேண்டும்; பனிச்சாலைக்கு வேறு டயர் வேண்டும்.

போன வருடமே போயிருக்கலாம். வேனுக்கு ஹீட்டர் எது நல்லது என்று எக்கார்ட் ஆராயத் தொடங்கினார். ஆராய்ந்து முடித்தபோது தோட்டத்தில் துலிப் பூத்துவிட்டது.

இந்த வருடம் கெர்லிண்ட முந்திக்கொண்டாள். கீல் துறைமுகத்திலிருந்து டிசம்பர் முதல் வாரத்தில் நார்வேக்குக் கிளம்பும் கப்பலில் வேனுக்கும் இரண்டு பேருக்கும் இடம் பதிவு செய்துவிட்டாள்.

"டயர் இருந்தாலும் இல்லாட்டியும் நான் அந்தக் கப்பல்ல ஏறுவேன். நீ வரலைன்னா தனியாப் போவேன்" என்றும் சொல்லிவிட்டாள்.

சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அதுதான் எக்கார்டை உறுத்தியது.

டயர் என்னவோ எளிய விஷயமாகத்தான் ஆரம்பித்தது. ஜூலையில் டயர் கடைக்காரி ஓஸ்லெமிடம் போய்க் கேட்டார்.

"பெர்க்வால்ட் போடுங்க சார். எல்லாப் பருவத்துக்கும் ஆகும். மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கு, சட்டத்துக்கும் சரி, பனிக்கும் சரி. உங்க வேன் பாரத்தையும் தாங்கும்" என்றாள் ஓஸ்லெம்.

வேறொருவர் என்றால் அங்கேயே மாட்டிக்கொண்டு வந்திருப்பார். எக்கார்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரு நிமிஷத்துல பதில் சொல்லிட்டாளே, அது எப்படிச் சரியா இருக்கும்?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார்.

பிறகு ஆகஸ்டில் முழங்கால் வலிக்காக வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றுக்கு மருத்துவர் அனுப்பி, மூன்று வாரம் அங்கே ஊறிவிட்டு வந்தார். குந்தக் கூடாது, மண்டியிடக் கூடாது என்று உத்தரவு. வந்து பார்த்தால் கெர்லிண்ட அவருக்காக நிலவறையில் ஒரு படிப்பிடமே ஏற்பாடு செய்திருந்தாள். கட்டம் போட்ட துணியால் மூடிய வட்டமான ஓர் இருக்கை, மேலே மெத்தை. எதிரில் அதே உயரத்தில், அதே துணி போர்த்திய ஒரு மேசை, காகிதங்களைப் பரப்பிக்கொள்ள.

"அடடா, முழங்காலுக்குச் சரியான உயரம்! உள்ளே என்ன?"

"பழைய சாமான்தான்."

வேனையும் அவள் விட்டுவைக்கவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் வெள்ளைத் துணியில் உறை தைத்து மாட்டியிருந்தாள்.

"வெயில் பட்டா ரப்பர் வெடிச்சுடும்னு நீதானே சொன்னே? உறையை மாட்டறது, கழட்டறது எல்லாம் இனிமே என் வேலை. நீ குனியாதே."

எக்கார்ட் உருகிப்போனார். இப்படி ஒரு மனைவி கிடைத்தவன் அவசரப்பட்டு ஏதோ ஒரு டயரை மாட்டி அவளை ஆபத்தில் தள்ளலாமா? அன்றே நிலவறைக்கு இறங்கி, டயர் சோதனைப் பத்திரிகைகளை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

பத்திரிகைகள் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் முதலிடம் பிடித்த டயர் இன்னொன்றில் மழையில் கோட்டைவிட்டிருந்தது. சரி, மனிதர்களைக் கேட்போம் என்று பக்கத்து வீட்டு ஃபோல்க்மாரிடம் போனார்.

"எல்லாப் பருவ டயரா?" ஃபோல்க்மார் வேலிக்கு மேல் சாய்ந்துகொண்டார். "அது முடிவெடுக்கத் தெரியாதவன் வாங்கறது எக்கார்ட். வெயில்ல மெழுகா உருகும், பனியில சோப்பா வழுக்கும். அக்டோபர்ல குளிர் டயர், ஈஸ்டருக்குக் கோடை டயர். எங்கப்பா அப்படித்தான், நானும் அப்படித்தான்."

"உங்க வேன்ல அப்படியா போட்டிருக்கீங்க?"

"என்கிட்ட ஏது வேன்?"

இதில் மனம் தெளியவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை 'ஆட்டுக்குட்டி' விடுதியில் கேம்பர்காரர்கள் கூடும் மேசைக்குப் போனார். அங்கே ஆளுக்கு ஒரு பீரும் ஆளுக்கு இரண்டு கருத்துமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கேம்பருக்குன்னே கெட்டிப் பக்கச்சுவர் வெச்ச டயர் இருக்கு. அதைத் தவிர வேற போட்டா தற்கொலை" என்றார் ஒருவர்.

"அதைப் போட்டா உன் பல்லு கழண்டு வரும். என் மாமியாருக்கு வந்துச்சு" என்றார் இன்னொருவர்.

"அதுக்கு மாமியாரை ஏன்யா ஏத்தினே?"

கடைசியில் மேசையின் மூத்தவர் குவளையைத் தட்டி எல்லோரையும் அடக்கினார். "எக்கார்ட், முதல்ல உன் வேன் பின்பக்கம் எவ்வளவு கனக்குதுன்னு தெரியுமா? அது தெரியாம டயர் தேடறது, கால் அளவு தெரியாம செருப்பு வாங்கற மாதிரி."

மறுநாளே கல்குவாரி எடைமேடைக்குப் புறப்பட்டார்கள். கெர்லிண்ட உறைகளைக் கழற்றி மடித்து வைத்தாள். வழியெல்லாம் எக்கார்ட் முனகிக்கொண்டே வந்தார்.

"கேளு, கேளு! ஊஊன்னு ஒரு சத்தம் வருதே, கேக்குதா? அதான் டயர் சாகற சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்குக் காது பழகிடுச்சு."

எடைமேடைக்காரர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "பின்பக்கம் அதிகமா இருக்கு. வேன்ல என்ன, பியானோவா வெச்சிருக்கீங்க?"

அன்றிலிருந்து டயர் ஆராய்ச்சி எடை ஆராய்ச்சியாயிற்று. எக்கார்ட் வேனுக்குள் புகுந்து, வேண்டாதது என்று அவருக்குப் பட்டதை எல்லாம் வெளியே எடுத்து வைத்தார். கெர்லிண்டவின் வார்ப்பிரும்பு வாணலி, காபி அரைக்கும் கருவி, இரண்டாவது போர்வை, ஷ்பெட்ஸ்ல என்ற முட்டை நூடுல்ஸைப் பிழியும் அச்சு, அவளுடைய நாவல்கள். அவருடைய இரண்டு கருவிப்பெட்டிகளும், வேனைச் சமனாக நிறுத்தும் மரக்கட்டைகளும், கட்டைகள் சமனா என்று பார்க்கும் ரசமட்டமும் உள்ளேயே இருந்தன.

"அது பாதுகாப்புச் சாமான்" என்றார்.

"அச்சு?"

"அது ஆடம்பரம்."

அப்படியும் பின்பக்கம் கனத்தது. கருவிப்பெட்டிகளை முன்னால் நகர்த்தி, கெர்லிண்டவின் இருக்கைக்குக் கீழே திணித்தார். அவள் முழங்கால் முகவாயைத் தொடும்படி உட்கார வேண்டியதாயிற்று.

"நார்வே வரைக்கும் இப்படியேவா?"

"காலைத் தூக்கி வெச்சா ரத்த ஓட்டத்துக்கு நல்லது. வெந்நீர் ஊற்றுல சொன்னாங்க."

பிறகு பாரத்துக்கு ஏற்பக் காற்றை ஏற்ற வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் படித்தார். பெட்ரோல் நிலையத்தில் கெர்லிண்ட குந்தி உட்கார்ந்து காற்றடிக்க, அவர் நிமிர்ந்து நின்று, "இன்னும், இன்னும்" என்றார். சக்கரங்கள் கல்லாகிவிட்டன. வீடு திரும்பும்போது ரயில் தண்டவாளத்தைக் கடந்ததும் பின்னால் படபடவென்று ஒரு சத்தம். அலமாரி திறந்துகொண்டு, தட்டுகள் எல்லாம் தரையில் சுக்குநூறாகக் கிடந்தன. அவளுடைய அம்மா கொடுத்த நீலப்பூ போட்ட தட்டுகள்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எக்கார்டுக்கே தோன்றியது.

"ஒரு எட்டு கிலோ குறைஞ்சிருக்கும்" என்றார்.

கெர்லிண்ட துடைப்பத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அன்று இரவுச் சாப்பாட்டில் பயறு இருந்தது, அதோடு எப்போதும் வரும் ஷ்பெட்ஸ்ல இல்லை. அச்சு பெட்டிக்குள் போய்விட்டதாம்.

நவம்பர் கடைசியில் முதல் பனி விழுந்தது. கப்பலுக்கு இன்னும் சில நாள்தான். சமையலறை ஜன்னல் அருகே கெர்லிண்ட கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்ததை எக்கார்ட் பார்த்தார். ஒரே ஒரு தொப்பி.

"எனக்கு?"

"நீ வர்றியா?"

எக்கார்ட் நிலவறைக்கு இறங்கி, மெத்தை மேல் உட்கார்ந்தார். எதிரே மலையாகப் பத்திரிகைகள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு உண்மையான பயம் வந்தது. அவள் கப்பல் தட்டில் தனியாக நின்று வானத்தைப் பார்ப்பாள், தான் இங்கே நிலவறையில் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று நினைத்துப் பார்த்தார். எந்தச் சோதனையில் எது முதலிடம் வந்தால் என்ன? எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஜூலையில் ஓஸ்லெம் ஒரே நிமிடத்தில் சொன்ன டயர்தான் மிஞ்சியது. எழுந்து, இரண்டு இரண்டு படியாக மேலே ஏறினார்.

"முடிவு பண்ணிட்டேன்! பெர்க்வால்ட்!"

கெர்லிண்ட ஊசியைக் கீழே வைத்தாள். "நிஜமாவா? மாத்திப் பேச மாட்டியே?"

"மாட்டேன். எனக்கும் ஒரு தொப்பி பின்னு."

அவள் கண் கலங்கிவிட்டது. உடனே எழுந்து ஓஸ்லெமுக்கு ஃபோன் பண்ணுவதாகச் சொல்லிப் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புறப்படும் நாளன்று மூட்டை முடிச்சோடு நேரே டயர் கடைக்கே வண்டியை விட்டார்கள். டயர் மாறியதும் அப்படியே கீல் நோக்கிப் போய்விட வேண்டும் என்று திட்டம். ஓஸ்லெம் எக்கார்டை அறைக்குள் உட்கார வைத்து, கறுப்புக் காபியும் எள்ளு ரொட்டியும் கொடுத்தாள். வேன் பின்கட்டுக்குப் போயிற்று. இரும்பு தட்டும் சத்தமும் தண்ணீர் பீய்ச்சும் சத்தமும் வெகுநேரம் கேட்டன.

"முடிஞ்சுது சார். கணக்கெல்லாம் அம்மா பார்த்துக்கிட்டாங்க."

எக்கார்ட் குனிய முடியாததால் கைப்பேசியைத் தாழ்த்திச் சக்கரத்தைப் படம் பிடித்துப் பார்த்தார். பெர்க்வால்ட். மலை, பனிப்பூ, எல்லாம் பளபளவென்று இருந்தன. ஏறி உட்கார்ந்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஆகா! கேளு கெர்லிண்ட, ஒரு சத்தம் இருக்கா? தேவாலயத்துத் திருப்பத்துல பாரு, வெண்ணெயா திரும்புது! இத்தனை நாள் எதுல ஓட்டினோமோ, நினைச்சாலே உடம்பு நடுங்குது."

"ஆமா, பெரிய வித்தியாசம்தான்" என்றாள் கெர்லிண்ட, முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு.

அப்படியே நெடுஞ்சாலையில் ஏறியிருக்க வேண்டியது. எக்கார்ட் திடீரென்று வண்டியைத் திருப்பி, மறுபடியும் டயர் கடை வாசலில் நிறுத்தினார்.

"பழசு எங்க?" என்று ஓஸ்லெமைக் கேட்டார்.

"எந்தப் பழசு சார்?"

"கழட்டின நாலு டயர். இன்னும் ரப்பர் பாக்கி இருக்கு. வீட்டு நிலவறையில வெச்சுக்கலாம், எதுக்காவது ஆகும்."

எங்கள் ஊர்க்காரர் யாரும் பழைய டயரை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்பது ஓஸ்லெமுக்குத் தெரியாததல்ல. ஏனோ இதற்கு மட்டும் அவள் பதில் தயாராக வைத்திருக்கவில்லை.

"அது... குப்பையில போட்டாச்சு சார்."

"எந்தக் குப்பை? அதோ அதுவா?"

பின்கட்டில் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. முழங்காலையும் வெந்நீர் ஊற்று மருத்துவரையும் மறந்து, புதுக் கால்சட்டையோடு எக்கார்ட் அந்தக் குவியல் மேல் ஏறிவிட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டி அளவைப் படிக்க ஆரம்பித்தார்.

"எக்கார்ட், கப்பல்!" வேன் ஜன்னலிலிருந்து கெர்லிண்ட கத்தினாள்.

"என் டயர் கிடைக்காம நான் நகர மாட்டேன். கப்பல் அடுத்த வாரமும் இருக்கும்!"

கெர்லிண்ட ஜன்னலை ஏற்றிக்கொண்டாள். கம்பளித் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க ஓஸ்லெமுக்குப் பொறுக்கவில்லை. கெர்லிண்டவுக்கு என்ன சத்தியம் பண்ணியிருந்தாலும் சரி என்று குவியல் அடிவாரத்துக்கு ஓடி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இறங்குங்க சார்! நீங்க வெந்நீர்ல ஊறப் போனப்பவே பெர்க்வால்டை மாட்டியாச்சு. பழைய நாலுல ரெண்டு மேல உக்கார்ந்து, ரெண்டு மேல பத்திரிகையைப் பரப்பிக்கிட்டுத்தானே இத்தனை நாளா நீங்க டயர் தேடிக்கிட்டிருந்தீங்க!"