மிதுனாவின் கெப்பும் அத்தானின் டீசலும்

வெள்ளவத்தை,
வெள்ளி காலை.

பேரன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

மச்சான் சிவானந்தன் பணிவுடன் எழுதுவது. இங்கு நான், மனைவி நாகேஸ்வரி, மகள் மிதுனா மூவரும் சுகம். மானிப்பாயில் அக்காவும் தாங்களும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை நிற்பாராக.

மிதுனாவுக்குச் சாப்பாடு ஏற்ற வாங்கும் கெப் வண்டி டீசலாகத்தான் இருக்க வேண்டுமென்று தாங்கள் மூன்று தரம் போன் எடுத்துச் சொன்னீர்கள், நானும் மூன்று தரமும் ஓம் என்றேன். முப்பது வருடம் லொறி ஓட்டியவரை மறுத்துப் பேச, கந்தோரில் கதிரை தேய்த்த நான் யார்? ஆனால் கோபிக்கக் கூடாது அத்தான், பெற்றோல்தான் எடுக்கிறோம். திங்கள் தொடக்கம் புதுக்கடைக் கோர்ட்டடியில் நூற்றிருபது சட்டத்தரணிகளுக்கு அவள்தான் மதியச் சாப்பாடு கொடுக்கப் போகிறாள். பன்னிரண்டரைக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் ஓடர் போய்விடும். இவ்வளவு நாளும் முப்பது பேருக்கு ஓட்டோவில் சோற்றுக் கிடாரத்தைக் கட்டிப்பிடித்தபடி போய்வந்த பிள்ளை, அந்தப் பாதையில் எத்தனை இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டி வருகிறது என்று இரண்டு கிழமை குறித்து வைத்திருக்கிறாள். கொட்டாஞ்சேனையில் கெப் விற்கும் செபஸ்தியன் டீசலைப் புகழப் புகழ, இவள் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்து என்னிடம் சொன்னாள்:

“அப்பா, நெரிசலுக்குள்ள நிண்டு நிண்டு கிட்டத்துக்கு ஓடினா டீசலின்ர புகை வடிகட்டி கரி பிடிச்சு அடைச்சுப் போடும். மாமா ஓடினது யாழ்ப்பாணத்துக்கு. நான் ஓடுறது புதுக்கடைக்கு.”

செபஸ்தியன் அவளுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்கு இப்படியொரு பிள்ளை பிறந்ததை நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. தங்களுக்கு எதிராக ஒரு வரி எழுதும் துணிவும் அவள் தந்ததுதான்.

பத்து மணிக்குக் கோயிலில் வாகன பூசை. தங்கள் ஆசி பெற்றோலுக்கும் வேண்டும். அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
சிவானந்தன்

பி.கு.: நேரம் பதினொன்று. தபால் சரிவராது, வாட்ஸப்பில் படமாக அனுப்புகிறேன். பொரளையில் வேறொருவருக்குக் கொடுக்கவேண்டிய டீசல் கெப்பையும் செபஸ்தியன் கோயிலடிக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டும் வெள்ளை. எந்த வாகனம் என்று ஐயர் கேட்டார், நான் கை காட்டினேன். மாலை போட்டு, சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, சில்லுகளின் கீழே தேசிக்காயும் வைத்தாயிற்று. மிதுனா ஏறி ஸ்டார்ட் பண்ணினாள். சத்தம் கேட்டதும் தலையை வெளியே நீட்டி, “அப்பா, இது டீசல்” என்றாள்.

பிள்ளையாருக்குக் காட்டிய வாகனத்தைப் பிறத்தியாருக்குக் கொடுக்க விடமாட்டேன் என்று நாகேஸ்வரி முன் சீற்றில் ஏறி இருக்கிறாள், இறங்குகிறாள் இல்லை. பொரளைக்காரர் செபஸ்தியனுக்குப் போனுக்கு மேல் போன். மிதுனா என் முகத்தைப் பார்க்கிறாளில்லை. நாகேஸ்வரி இந்த உலகத்தில் கேட்பது தங்கள் சொல் ஒன்றைத்தான். அத்தான், இதைக் கண்டவுடன் அவளுக்குப் போன் எடுத்து, டீசல் கூடாத சாமான் என்று தங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.