ஆறு பத்துக்கு ஊதிய சங்கு

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

சென்னையில் தீயணைப்பு வேலை பார்க்கும் அன்பு மகள் மோகனாவுக்கு அப்பா பஞ்சாட்சரம் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே எல்லோரும் சவுக்கியம், என் இடது பக்க மீசையைத் தவிர. கம்பெனியில் நெருப்பு என்று அம்மா உனக்குப் போனில் சொன்னாள், மீசை கருகியதைச் சொல்லவில்லை. சிரிப்பை அடக்க முடியாததால் இருக்கும். வலது பக்கத்தை நானே எடுத்துவிட்டேன்.

ஆம்பூர் ஸ்டேஷனுக்கு மாற்றல் கேட்டு எழுதட்டுமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுப்பா என்றாய். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்தபோது பத்தொன்பது மணி நேரம் குழாயைப் பிடித்து நின்றவள் நீ. எண்ணெய் குடோன் எரிந்த அன்று அதையும் சேர்த்துப் பதினோரு இடத்துக்கு ஓடியவள். அதை டிவியில் காட்டியபோது "அதோ என் பொண்ணு" என்று கேன்டீனில் நான் எழுந்து நிற்க, அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினால் வழுக்கை. ஆனாலும் மகள் அணைக்கிறாள் என்றால் அப்பனுக்கும் தெரிந்திருக்கும் என்று ஷூ கம்பெனியில் என்னைத் தீப் பாதுகாப்புக்குப் பொறுப்பாகப் போட்டார்கள், நானும் மறுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் ஆறு பத்துக்கு, தோல் தேய்க்கிற மெஷினிலிருந்து வரும் தூள் மூட்டையில் புகை. குனிந்து பார்த்தேன், மீசை போனது. ஓடிப்போய்க் கம்பெனி சங்கை ஊதினேன், ஒருத்தரும் வரவில்லை. ரமலான் மாதம் என்பது அவசரத்தில் மறந்துபோச்சு. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் ஊதுகிற சங்கும் இதே சத்தம்தான். இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கும்போது ஓவர்டைமில் இருந்தவர்கள் எல்லாம் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவும் போட்டுவிட்டது. "நெருப்பு, நெருப்பு" என்று கத்தினேன். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த மேஸ்திரி தன்சீல் அகமது, "மொதல்ல குந்துப்பா, ஒரு வாய் குடிச்சிட்டு சொல்லு" என்றான். அப்புறம் புகையைப் பார்த்தவன், அண்டாவோடு தூக்கிவந்து நோன்புக் கஞ்சி மொத்தத்தையும் மூட்டைமேல் கவிழ்த்தான். நெருப்பு அணைந்தது.

மறுநாள் அந்தத் தெரு நசீர் அகமது பாய் என்னை நிறுத்தி, "இன்னா பஞ்சாட்சரம், ஒன் பொண்ணு பட்டணத்துல நெருப்ப அணைக்கிறா, நீ இங்க எங்க நோன்ப அணைச்சிட்டியே!" என்றார். தெருவே அந்த ஒரு நோன்பை ரமலானுக்கு அப்புறம் திரும்பப் பிடிக்க வேண்டுமாம். கூடவே நானும் பிடிக்கிறேன் என்றேன். "பச்சத்தண்ணி கூட கெடையாது, இப்பவே யோசிச்சிக்கோ" என்று சிரித்தார்.

ஆகவே மகளே, கஞ்சியில் அணைகிற நெருப்புக்கு நீ எதற்கு? இங்கே வந்தால் பாம்பு பிடிக்கலாம், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கலாம், அவ்வளவுதான். பெரிய வேலை அங்கேதான், அங்கேயே இரு. அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். வண்டி ஏறுகிற போதெல்லாம் விரிஞ்சிபுரம் வழித்துணைநாதர் உன் பக்கத்தில் உட்காரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா.

பி.கு.: அம்மா அப்படிச் சொல்லவில்லை, நான் அவளைக் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "பயந்துட்டியாப்பா?" என்று கேட்டாய். "எனக்கின்னாடி பயம்?" என்றேன். போனை வைத்ததும் எழுந்து போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். வந்துடும்மா என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன், அதைக் கிழித்துப்போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.